சீரியல் விளக்கும் சிக்கனக் கணக்கும்

நுண்ணுலகக் கணக்கு – 14

ஆடி மாதத்தில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி நந்திவரம் பக்கம் நடந்தால், தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பும் சீரியல் விளக்கும்தான். அலங்கார வளைவின் உச்சியில் ஒரு விளக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உண்மையில் எந்த பல்பும் நகர்வதில்லை. எரிகிற வரிசை மட்டும் ஓர் இடம் தள்ளிப்போகிறது. இந்த வாரக் கணக்குக்கு அந்த வட்டம் போதும்.

சென்ற வாரம் பார்த்த ஸ்பின் என்னும் நுண்காந்தங்கள் நான்கை வட்டமாக வைப்போம். மேல்நோக்கி நின்றால் பல்பு எரிகிறது, கீழ்நோக்கி நின்றால் அணைந்திருக்கிறது. மொத்தம் 16 நிலைகள். ஒவ்வொரு காந்தமும் பக்கத்துக் காந்தத்துக்கு எதிராக நிற்கவே விரும்பும். அப்படியானால் வட்டத்தின் மிகக் குறைந்த ஆற்றல் என்ன? குவாண்டம் உலகில் வட்டம் ஏதோ ஒரு நிலையில் நிற்பதில்லை. பல நிலைகளின் கலவையாக இருக்கிறது. எனவே 16 வரிசை, 16 நிரல் கொண்ட அணியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வேண்டாம். ஹைசன்பர்க் வகுத்த விதிப்படி அண்டை பல்புகள் தங்கள் நிலையை மாற்றிக்கொள்ளலாம். எரிகிற பல்புகளின் எண்ணிக்கை மாறாது. அண்டைக் காந்தங்கள் எதிரெதிராக நிற்க விரும்புவதால் சரிபாதி எரிகிற நிலைகளே போதும்; அவை 6 மட்டுமே. வட்டத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. சுழற்றினால் அதே வட்டம்தான்; இதைத்தான் சமச்சீர் என்கிறோம். ஆகவே சுழற்சியில் மாறாத கலவையில், அடுத்தடுத்த இரண்டு எரியும் 4 நிலைகளுக்கும் ஒரே பங்கு. ஒன்றுவிட்டு ஒன்று எரியும் 2 நிலைகளுக்கும் ஒரே பங்கு. மிஞ்சுவது இரண்டே அறியாக் கணியங்கள். பிணைப்பின் வலிமையை 1 என்று கொண்டால் சமன்பாடு x² + x − 2 = 0. சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்: விடை 1, −2. வட்டத்தின் மிகக் குறைந்த ஆற்றல் −2. சமச்சீர் என்ற சொல் இங்கே இரண்டு விதத்திலும் பொருந்துகிறது!

பல்புகள் 16 ஆனால் 65,536 நிலைகள். அணியில் 429 கோடி கட்டங்கள். பாதி எரிய வேண்டும் என்றால் 12,870. சுழற்சியைச் சேர்த்தால் 810. கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாக எண்ணினால் 440. எரிவதை அணைத்து, அணைந்ததை எரித்தாலும் மாறாதவை 257. கட்டங்கள் சுமார் 66,000. மடிக்கணினிக்கு இது ஒரு வேலையே அல்ல.

ஆனால் சிக்கனம் பாதிக் கதைதான். 1992-இல் ஸ்டீவன் ஒயிட் உருவாக்கிய டி.எம்.ஆர்.ஜி. (density matrix renormalization group) என்னும் கணக்கீட்டு முறை நீண்ட காந்தச் சங்கிலிகளின் அடிநிலையை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையை, அருமையாகக் கண்டுபிடித்தது. வேதியியலாளருக்கோ, ஒளி பட்டதும் மூலக்கூறு தாவி ஏறும் நிலை வேண்டும். அதற்குக் கீழேயே வேறு நிலைகள் நெருக்கியடித்து நிற்கும். இந்தக் கூட்டத்தில் நாம் தேடும் நிலை எது? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராமசேஷா, ஸ்வபன் பதி, ஹெச்.ஆர். கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் ஷுவாய், ப்ரேடாஸ் இருவரோடு சேர்ந்து 1996-இல் வழி சொன்னார்கள். சங்கிலியை முனை மாற்றுவது, ஸ்பின்னைக் கவிழ்ப்பது போன்ற சமச்சீர்களை அம்முறைக்குள்ளேயே பொருத்தினார்கள். நிலைகள் குடும்பம் குடும்பமாகப் பிரிந்தன. ஒளி பட்டதும் மூலக்கூறு எந்தக் குடும்பத்துக்குத் தாவும் என்பது முன்பே தெரியும்; அதன் கடைக்குட்டியை மட்டும் கூப்பிட்டால் போதும்.

கூட்டத்தைக் குறைத்த அதே சமச்சீர், விடைக்கு வீட்டு முகவரியும் தருகிறது.

விதி சமச்சீராக இருந்தும் விடை அப்படி இல்லாமல் இருந்தால்? 1969-இல் மஜும்தாரும் தீபன் கோஷும் அப்படி ஒரு சங்கிலியைக் கண்டார்கள். அங்கே காந்தங்கள் ஜோடி சேர்ந்துகொண்டு, ஓரிடம் தள்ளினால் வேறு முகம் காட்டும்.

(அடுத்த வாரம்: ஜோடி சேர்ந்த காந்தங்கள்)