மேடு ஒன்று, இறக்கம் வேறு

"காடு மேடெல்லாம் ஏறி இறங்குறோம், எங்களுக்கு எதுக்குப்பா எக்சர்சைஸ்?" போடிநாயக்கனூரில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அப்பால் பொழுதெல்லாம் உழைத்துவிட்டு வருபவரிடம் 'தினமும் அரை மணி நேரம் நடங்கள்' என்று சொல்ல யாருக்கும் வாய் கூசும். ஆனாலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேளுங்கள்.

காய் எடுப்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் உச்சியில் இருக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் இருக்கும். பிஞ்சை விட்டுவிட்டு விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். அதற்காகக் குத்தவைத்தோ இடுப்பை வளைத்தோ தூர் தூராக நகர்கிறார்கள். பல வருஷம் நாற்காலியில் இருந்தவர் குதிகாலை ஊன்றிக் குத்தவைக்கப் போனால் பின்னால் சாய்ந்துவிடுவார். இவர்களுக்கு அது சாதாரணம். விரலும் தோளும் ஒரே அசைவை நாள் முழுக்கத் தாங்குகின்றன. ஆனால் மூச்சு வாங்கும்படி நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரம் அந்த வேலையில் எவ்வளவு? அதிகமில்லை.

விஷயமே இங்குதான். உடல் தகுதி என்பது ஒரே சரக்கு அல்ல. நெடுநேரம் மூச்சு தாங்கும் 'தம்' ஒன்று. கனமானதைத் தூக்கும் தசை வலிமை வேறு. லேசானதைத் திரும்பத் திரும்பச் செய்யும் தாங்குதிறன் வேறு. மூட்டுகள் வளைந்து கொடுப்பது நான்காவது. உடம்பில் கொழுப்பும் தசையும் எந்த அளவில் இருக்கின்றன என்பது ஐந்தாவது. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. உடம்பை எதில் பழக்குகிறோமோ அதில்தான் அது தேறும். விட்டால் அதையும் மறக்கும்.

வேலையே இதயத்தைக் காத்த உதாரணமும் உண்டு. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953-ல் காட்டினார். அந்த வேலை நெஞ்சைத் துடிக்கவைத்தது, நடுநடுவே ஓய்வும் தந்தது. மணிக்கணக்கில் குனிந்தே இருக்கும் வேலையில் இரண்டுமே குறைவு. உழைப்பு உடம்பிலிருந்து எடுக்கிறது. பயிற்சி என்பது உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கத் திட்டமிட்டுச் செய்வது. அதனால்தான் காய் எடுப்பவருக்கு நான் இன்னும் நடக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து நின்று, இடுப்பில் கை ஊன்றி, மெதுவாகப் பின்னால் வளையச் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். திண்ணையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்காருவதில் தொடங்கலாம். சுலபமாகிவிட்டால் கையில் ஒரு குடம் தண்ணீர்.

மலை இதையெல்லாம் ஒரே நாளில் சோதித்துவிடும். போடிப் பக்கத்து மலையடிவாரக் குரங்கணியிலிருந்து, வழியில் உள்ள சென்ட்ரல் என்ற இடத்தைத் தாண்டி, மேலே டாப் ஸ்டேஷனுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். வனத்துறை அனுமதியோடு ஏறும்போது கடிகாரம் தேவையில்லை, பேசிப் பார்த்தால் போதும். பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் கடுமையான வேகம்.

ஆனால் ஆளை மறுநாள் படுக்கவைப்பது இறக்கம். ஏறும்போது தொடைத்தசை சுருங்கித் தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி நீளும்போது இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படும். வலி உடனே தெரியாது. அடுத்த இரண்டு நாளில் மாடிப்படி இறங்க விடாது. 'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்பார்கள். அது ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும், இந்த வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல செய்தி, ஒரு தரம் இறங்கிப் பழகிய தொடை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. ஆகவே டாப் ஸ்டேஷன் போக நினைப்பவர் சில வாரம் முன்பே சின்னக் கரட்டில் ஏறி, அவசரமில்லாமல் இறங்கிப் பழகட்டும். ஏறுவதற்குத் தயாராகும் பலர் இறங்குவதற்குத் தயாராவதே இல்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மேடு ஏறினால் நெஞ்சில் ஓர் அழுத்தம், நின்றால் போய்விடுகிறது என்றால், 'வாயு' என்று இஞ்சி டீயோடு விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், 'ஏறும்போது மட்டும்தான் வருது' என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.