சரக்கு வண்டிக்குக் காற்றுப் பை: நாம் கற்ற பாடம்



சரக்கை வாங்குவதிலும் விற்பதிலும் நாம் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட அந்தச் சரக்கைச் சுமந்து செல்லும் வண்டியின் மீது காட்டுவதில்லை. தராசில் ஒரு கிராம் வித்தியாசம் வந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். வண்டியின் பின்பக்கம் நான்கு அங்குலம் தாழ்ந்து ஓடினால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறோம். எங்கள் கடையிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். இன்னொரு கடையில் இது நடக்கக் கூடாது.

இராயபுரத்தில் எங்கள் மொத்த வியாபாரம். காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வரை சில்லறைக் கடைகளுக்குச் சீனி, பருப்பு, எண்ணெய், சேமியா, அப்பளம் அனுப்புகிறோம். இதற்கென்று 1993-இல் வாங்கிய பிக்கப் வண்டி இன்றும் ஓடுகிறது. ஆர்.சி.யில் கண்டபடி அது ஒரு டன் ஏற்றும். நம் கணக்கில் 50 கிலோ சீனி மூட்டை இருபது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடி ஓடிக் குழியான சாலையில் முப்பது வருஷம் சுமந்ததில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துவிட்டன. முழு லோடு ஏற்றினால் பின்பக்கம் படுத்துவிடும், ஹெட்லைட் வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். பட்டறையில் காட்டினோம். கூடுதலாக இரண்டு பட்டை வைத்துக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு வேறொரு தொல்லை. லோடு இருக்கும்போது வண்டி நிமிர்ந்து நின்றது. பாதிச் சரக்கை இறக்கிய பின் கட்டை வண்டி போலக் குதித்தது. எண்ணூர்ப் பக்கம் கடைசிக் கடைக்குப் போய்ச் சேரும்போது அப்பளம் பாதி நொறுங்கியிருக்கும், சேமியா தூளாகியிருக்கும். ஊறுகாய் பாட்டில் உடைந்து வந்த நாளும் உண்டு. கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்?

பட்டையும் காற்றும்

இதில் ஒரு சின்ன விஞ்ஞானம் இருக்கிறது. இரும்புப் பட்டையின் விறைப்பு எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். முழுப் பாரத்தைத் தாங்கும்படி அதை விறைப்பாக அமைத்தால், பாரம் குறையும்போது வளைந்து கொடுக்காது. காலி வண்டி குதிப்பது இதனால்தான். காற்று அப்படியல்ல. ரப்பர் பைக்குள் அடைத்த காற்றின் அழுத்தத்தை நாம் கூட்டலாம், குறைக்கலாம். பாரம் அதிகமானால் காற்றைக் கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் இறக்கிவிடலாம்.

இது புதிய சமாச்சாரம் அல்ல. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1930-களிலேயே இதில் இறங்கியது. 1950-களில் கிரேஹவுண்டு பேருந்துகள் காற்று ஸ்பிரிங்கில் ஓடின. அங்கே பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே இதைப் பொருத்திக்கொள்கிறார்கள். நம் பக்கத்திலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப். இருக்கிறது. 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அங்கே தயாராகும் மின்சார ரயில் பெட்டிகளில் காற்று ஸ்பிரிங் உண்டு. காலை நெரிசலில் எவ்வளவு கூட்டம் ஏறினாலும் பெட்டியின் தரைமட்டம் பிளாட்பாரத்துக்குக் கீழே போய்விடாமல் அது பார்த்துக்கொள்கிறது.

காற்றையும் ரப்பரையும் நம்பிப் பிழைத்தது நம் வட சென்னைக்குப் பழக்கமான தொழில்தானே? 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டாகி எண்ணூரிலிருந்து நாட்டுக்கே லாரி கொடுத்தது. இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு நாம் மட்டும் ஸ்பேனர் பிடிக்கத் தயங்குவதா என்று எங்களுக்கும் ஒரு வீறாப்பு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரிய பையன் இணையத்தில் பார்த்து இரண்டு காற்றுப் பைகள் கொண்ட செட்டை வரவழைத்தான். கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வேலை தொடங்கியது. எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் வந்தார். டிரைவர் தம்பி கூட மாட உதவி செய்தார். பாயின் வேலையில் நாம் கவனித்தவற்றைச் சொல்கிறோம்.

முதலில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும், சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் படுத்தார். "ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீங்க அண்ணாச்சி. ஆயில் கசிஞ்சா ஒரு நொடிதான்" என்றார். இந்த ஒரு வார்த்தையை எல்லாக் கடைப் பையன்களும் மனத்தில் வைக்க வேண்டும்.

பிறகு கூடுதல் பட்டைகளைக் கழற்றினார். ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் இருந்த தடுப்பு ரப்பரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேல் தாங்கியைப் போல்ட் போட்டு முடுக்கினார். கீழ்த் தாங்கியை யு-போல்ட் கொண்டு ஆக்சிலோடு பிணைத்தார். இரண்டுக்கும் நடுவில் காற்றுப் பை உட்கார்ந்தது. சேசிஸில் வெல்டிங் வைக்கவோ புதுத் துளை போடவோ அவர் சம்மதிக்கவில்லை. வண்டியின் முதுகெலும்பு அது, சூடு பட்டால் அந்த இடம் பலமிழந்துவிடும் என்றார். பை டயரில் உரசக் கூடாது, பிரேக் ஹோஸை அழுத்தக் கூடாது, சைலன்சர் சூடு படக் கூடாது என்று ஒவ்வொரு பக்கமும் கையை விட்டுப் பார்த்தார்.

இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. ஒரே குழாயில் இணைத்தால் செலவு குறையுமே என்று கேட்டோம். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கத்துக் காற்று மறுபக்கப் பைக்கு ஓடிவிடும், சாய்வு இன்னும் அதிகமாகும் என்று விளக்கினார். கடைசியில் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். காலி வண்டியிலும் குறைந்தது 5 பவுண்டு காற்று இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் 100 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று செட்டோடு வந்த தாளில் இருந்தது. அதே தாளில் வேறொன்றும் இருந்தது. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த அதை எங்களில் யாரும் படிக்கவில்லை.

ஆசை எங்கே நுழைந்தது?

மறுநாளே பலன் தெரிந்தது. வண்டி மெத்தையில் போவது போலப் போனது. கடைசிக் கடைக்கும் அப்பளம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. டிரைவர் தம்பி இடுப்பு வலி குறைந்தது என்றார். அதோடு நாம் நிறுத்தியிருக்க வேண்டும்.

இருபது மூட்டை ஏற்றியும் வண்டி படுக்கவில்லை. இன்னும் ஐந்து ஏற்றிப் பார்த்தோம், கொஞ்சம் காற்று அடித்ததும் நிமிர்ந்தது. பிறகு முப்பது. வாரத்துக்கு ஆறு நடை போன சரக்கு நாலு நடையில் முடிந்தது. நடைக்கு 700 ரூபாய் செலவு என்று வைத்தால் வாரம் 1,400 ரூபாய் மிச்சம். ஏழு வாரம் இப்படி ஓடியது. கல்லாவில் கூடிய பணம் 9,800 ரூபாய்.

எட்டாவது வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில், திருவொற்றியூர் தாண்டி, முன்னால் போன கன்டெய்னர் டிரெய்லர் சட்டென்று நின்றது. எங்கள் வண்டி பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. முன்பக்கம் குனிந்தது, பின் சக்கரங்கள் பிடிக்காமல் தள்ளிக்கொண்டே போய் டிரெய்லரில் மோதியது. ரேடியேட்டரும் பானெட்டும் நசுங்கின. டிரைவர் தம்பியின் முழங்காலில் எலும்பு விரிசல் கண்டது. உயிர் தப்பியது கடவுள் செயல்.

பாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சில சரக்கு வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு அருகே லோடு சென்சிங் வால்வு என்று ஒன்று உண்டு. ஒரு கம்பி அதை ஆக்சிலோடு இணைத்திருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்து, "இவ்வளவு பாரம் இருக்கிறது" என்று கணித்து, பின் சக்கரங்களுக்கு அதற்கேற்ற பிரேக் அழுத்தத்தை அது அனுப்பும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும். எங்கள் வண்டியிலோ காற்றுப் பை பின்பக்கத்தைத் தூக்கியே வைத்திருந்தது. ஒன்றரை டன் சீனி மேலே இருக்க, வால்வு அதைக் காலி வண்டி என்று நினைத்துவிட்டது. அந்தக் கம்பியைச் சரி செய்யச் சொல்லித்தான் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

"வேலை முடிஞ்சதும் நான் பாத்திருக்கணும், என் தப்பும் இருக்கு" என்றார் பாய். உண்மையில் பெரிய தப்பு எங்களுடையது. மருத்துவமனையில் டிரைவரின் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பத்து மூட்டையைக் கூட ஏத்தச் சொன்னது யாரு அண்ணாச்சி?" பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

லாப நஷ்டக் கணக்கு

வியாபாரிக்குக் கணக்கு சொன்னால்தான் புரியும். வண்டி பழுது பார்க்க 34,000 ரூபாய். டிரைவர் தம்பியின் வைத்தியத்துக்கும் ஆறு வாரச் சம்பளத்துக்கும் 21,000. மூன்று வாரம் வாடகை வண்டிக்கு 18,000. ஆக 73,000 ரூபாய். ஆர்.சி. எடைக்கு மேல் ஏற்றியிருந்ததால் இன்சூரன்ஸ் கேட்டுப் போக எங்களுக்கு முகமில்லை. 9,800 சம்பாதிக்க 73,000 கொடுத்தோம். அந்த முழங்கால் வலிக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

சட்டத்தையும் பிறகுதான் விசாரித்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அப்படி மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே எதைப் பொருத்துவதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் வண்டிக் கம்பெனியின் பட்டறையிலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்வதே முறை. நாம் அதைச் செய்யவில்லை.

நாம் சொல்ல விரும்புவது

காற்றுப் பை மீது பழி இல்லை. அது வண்டியை நிமிர்த்தும், சரக்கை அலுங்காமல் கொண்டு சேர்க்கும். ஆனால் ஆக்சிலுக்கும் டயருக்கும் வீல் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் ஒரு கிலோ பலத்தைக்கூட அது கூட்டித் தராது. தாழ்ந்து நின்ற வண்டி "போதும்" என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் காற்றடித்து அதன் வாயை மூடினோம்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்லிவைத்தார். நாம் ஏற்றியது சீனி.

இப்போது பைகளைக் கழற்றிவிட்டு, கம்பெனி அளவுப்படி புதிய பட்டை செட் போட்டிருக்கிறோம். அப்பளத்தையும் சேமியாவையும் வைக்கோலும் காலிச் சாக்கும் வைத்துத் தனியே கட்டி அனுப்புகிறோம், சேதம் பாதியாகக் குறைந்துள்ளது. டிரைவர் தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டார். வண்டியின் பின் கதவில், லோடுமேன் கண்ணில் படும்படி, "20 மூட்டை" என்று பெயின்டில் எழுதியிருக்கிறோம். அதற்கு மேல் ஏற்றச் சொன்னால், எங்களையே ஆனாலும், மறுத்துவிடலாம் என்று டிரைவருக்குச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வண்டியின் பின் கதவிலும் அதன் அளவை இன்றே எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.