கணுக்காற் சுளுக்கும் பந்தகக் காயமும்

கால் பிரண்டு கணுக்கால் வீங்கினால், நரம்பு பிசகிவிட்டது என்று கூறி, எண்ணெய் தடவி அழுத்தி நீவுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். உண்மையில் அங்கு நரம்பு எதுவும் இடம் பெயர்வதில்லை. காயமுறுவது பந்தகமாகும். எலும்போடு எலும்பைப் பிணைத்து, மூட்டு தன் வரம்பைக் கடவாதபடி காக்கும் உறுதியான நார்க்கட்டிற்கே பந்தகம் என்று பெயர்.

கணுக்காலின் உட்புறத்தில் விசிறிபோல் விரிந்த, வலிமை மிக்க பந்தகம் அமைந்துள்ளது. வெளிப்புறத்திலோ தனித்தனியான மூன்று பந்தகங்கள் உள்ளன. அவை அத்துணை வலியவை அல்ல. மேலும், கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் முண்டுகளுள் வெளிமுண்டு சற்றுத் தாழ்ந்திருப்பதால், பாதம் வெளிப்பக்கம் சாய்வதினும் உட்பக்கம் மடிவது எளிது. ஆதலின் பெரும்பாலான சுளுக்குகளில் வெளிப்புறப் பந்தகங்களே, அவற்றுள்ளும் முன்புறம் உள்ளதே, முதலில் காயமுறுகிறது. நார்கள் மிகையாக இழுபடுதல் முதல் நிலை. ஒரு பகுதி கிழிதல் இரண்டாம் நிலை. முழுவதும் அறுபடுதல் மூன்றாம் நிலை.

எலும்பு முறிந்துள்ளதா என்பதே முதலில் எழும் வினா. வீக்கத்தின் அளவைக் கொண்டு இதனை அறிய இயலாது. எக்ஸ்ரே வசதி தொலைவில் உள்ள இடங்களில் பணியாற்றுவோர்க்கு, கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் டாக்டர் இயான் ஸ்டீல் குழுவினர் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட விதிகள் பெருந்துணையாகும். அவற்றின்படி, கணுக்காலிலோ நடுப்பாதத்திலோ வலி இருந்து, கீழ்க்கண்டவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டால் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும்:

1. உள்முண்டு அல்லது வெளிமுண்டின் நுனியையோ, அதன் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டர் பகுதியையோ விரலால் அழுத்தும்போது எலும்பில் நோதல்.

2. பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவே துருத்தி நிற்கும் எலும்பையோ, உள்வளைவின் மேற்பகுதியிலுள்ள படகெலும்பையோ அழுத்தும்போது நோதல்.

3. காயமுற்ற உடனேயும், பின்னர்ச் சோதிக்கும்போதும், நான்கு அடிகள் எடுத்துவைக்க இயலாமை. நொண்டி நடப்பதும் நடப்பதாகவே கொள்ளப்படும்.

இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் முறிவு இருத்தல் மிக அரிது எனப் பின்னர் நடந்த ஆய்வுகள் பலவும் உறுதிப்படுத்தியுள்ளன. எனினும், கால் மரத்துப்போதல், விரல்கள் குளிர்ந்து வெளுத்தல், மூட்டு கோணியிருத்தல் ஆகியவை காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். உள்ளங்காலில் கன்றிய நிறம் தோன்றினால் நடுப்பாதத்துப் பந்தகம் அறுந்திருக்கலாம்; இது எளிதில் கவனிக்கப்படாமற்போகும் காயமாகும். சிறுவர்களின் எலும்பு முனைகளில் வளரும் குருத்தெலும்பு உள்ளமையால், ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுதலே தக்கது.

முதல் இரண்டு மூன்று நாட்களில் காலுக்கு ஓய்வளித்து, நெஞ்சின் மட்டத்திற்கு மேல் உயர்த்திவைத்து, மீள்தன்மையுள்ள கட்டுத்துணியால் அளவோடு இறுக்கிக் கட்டுதல் வேண்டும். வலி தணியப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைக்கலாம். தோலின்மீது நேராக வைத்தல் ஆகாது. வெந்நீர் ஒற்றடமும் அழுத்தி நீவுதலும் அந்நாட்களில் இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் மிகுவிக்கக்கூடும். முறிவு இருப்பின், நீவுதல் பெருந்தீங்கு விளைவிக்கும்.

ஆயினும் ஓய்வு நீடித்தலும் நன்றன்று. வலி பொறுக்கும் அளவுக்கு விரைவில் பாதத்தை அசைக்கவும் நடக்கவும் தொடங்குதலே சாதாரணச் சுளுக்கிற்கு ஏற்ற முறை என இன்று கொள்ளப்படுகிறது. பந்தகத்தில் மூட்டின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகள் உள்ளன. அவையும் காயமுறுவதாலேயே ஒரு முறை சுளுக்கிய கால் மீண்டும் மீண்டும் சுளுக்குகிறது. வலி குறைந்தபின், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை, முதலில் கண் திறந்தும் பின்னர்க் கண் மூடியும், நாள்தோறும் சில வாரங்கள் செய்துவந்தால் இவ்வுணர்வு மீளும்.

வீக்கம் வடிந்தது கண்டு மாணவனை உடனே ஆட்டக்களத்திற்கு அனுப்புதல் கூடாது. காயமுற்ற காலில் மட்டும் நின்று, நோவின்றித் தாவ முடிகிறதா என்று பார்த்த பின்னரே ஆசிரியர் அவனை விளையாட விடுதல் வேண்டும்.