பட்டுநூல் முதல் சயாம் காடு வரை

காஞ்சிமாநகரின் தென்கோடியில், பாலாற்றங்கரையில் அமைந்த செவிலிமேட்டில் பட்டுநூலின் விலையை அறியாதார் இலர். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதன் அதிர்வு விரைவில் தறிமேடைக்கு வந்து சேரும். அதே பட்டுநூலின் விலைச் சரிவு இரண்டாம் உலகப் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்றாயிற்று என்று கூறினால், அன்பார்ந்த வாசகர்கள் வியப்படையக்கூடும்.

பள்ளிப் பாடங்களில் இப்போர் ஹிட்லருடன் தொடங்கி ஹிட்லருடன் முடிந்துவிடுகிறது. முதல் உலகப் போருக்குப் பின், 1919 ஜூன் 28-இல் வெர்சேல்ஸில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கை ஜெர்மனியின்மீது பெரும் இழப்பீட்டுச் சுமையை ஏற்றியது. 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தபின், 1932-இல் ஜெர்மனியில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் பதவியேற்றார். 1939 ஆகஸ்டு 24-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அமைதியால் எதையும் இழக்கமாட்டோம், போரால் அனைத்தையும் இழக்க நேரிடும் என்னும் கருத்துப்பட வானொலியில் மன்றாடினார். கேட்பாரில்லை. செப்டம்பர் 1-இல் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. 3-ஆம் நாள், நம் தலைவர்களுள் எவரையும் கலந்துகொள்ளாமலே, இந்தியாவும் போரில் இறங்கியதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இவை யாவரும் அறிந்தவை. தமிழரை வாட்டிய போரின் வேரோ கிழக்கே இருந்தது.

1920-களில் ஜப்பானிய உழவர் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பட்டுப்புழு வளர்த்தன. அவர்களுடைய நூலின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1929-க்குப் பின் வாங்குவோரின்றி விலை பாதாளத்தில் விழுந்தது. வடகிழக்கு மாவட்டங்களில் விளைச்சலும் பொய்க்கவே, கடன்பட்ட பெற்றோர் தம் பெண்மக்களையே விற்ற கொடுமை அங்கே நிகழ்ந்தது. அக்கிராமங்களின் துயரை நேரிற் கண்ட இளம் படை அதிகாரிகள் பலர், அரசியல்வாதிகளையும் முதலாளிகளையும் வெறுத்தனர். அயல் மண்ணைப் பறித்தால் வறுமை தீரும் என்று நம்பினர். 1931 செப்டம்பரில் மஞ்சூரியா தாக்கப்பட்டது. 1937-இல் சீனா முழுவதுமே போர்க்களமாயிற்று. வறுமை இக்குற்றத்தை மன்னிக்கச் செய்யாது. நான்கிங் நகரில் கொல்லப்பட்ட சீனர்களும் ஏழைகளே. ஆயினும் பசித்தவனுக்கு அண்டை வீட்டுக்காரனைப் பகைவனாகக் காட்டுவது எத்துணை எளிது என்பதை அந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

(விற்பனையாகாத ஜப்பானியப் பட்டு மலிவு விலையில் நம் நாட்டுக்குள் வந்து குவிந்து, மைசூர்ப் பட்டு வளர்ப்போரை நலியச் செய்தது. போர் மூண்டபின்போ, மைசூர்ப் பட்டு வான்குடைத் துணிக்குத் தேவைப்பட்டது. நெசவாளன் இரு வகையிலும் இந்தக் கதைக்குள் இருக்கிறான்.)

1941 ஜூலையில் ஜப்பான் தென் இந்தோசீனாவிற்குள் நுழைந்தபோது, அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. எண்ணெயும் ரப்பரும் வெள்ளீயமும் தெற்கே இருந்தன. டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தையும் மலேயாவையும் ஏறத்தாழ ஒரே வேளையில் தாக்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் குண்டுகள் விழுந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்ளூர்களை நோக்கி ஓடினர்.

ஆனால் ஓட இடமில்லாத தமிழர் இருந்தனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களுள் செங்கற்பட்டும் வட ஆர்க்காடும் உண்டு. சேலம், திருச்சி, தஞ்சை ஆகியவையும் உண்டு. போருக்குமுன் அங்கிருந்த இந்தியர் பல லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்றதும் தோட்டங்களில் கூலி நின்றது, அரிசி அருகியது.

பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாயிற்று, நீர்மூழ்கிகள் வழிமறித்தன. எனவே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க முடிவு செய்தனர். 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலைப்பாறையைச் சுத்தியலாலும் உளியாலும் பிளந்தும் வழி வெட்டப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழைத்து, 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஒன்றரை லட்சத்திற்கும் மேல். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எனப் பலர். அவர்களுள் சுமார் 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகின்றனர்.

முதலில் நல்ல கூலி தருவதாக ஆசை காட்டி அழைத்தனர். அழைப்புக்கு வருவோர் குறைந்ததும் வலிந்து பிடித்துச் சென்றனர். குடும்பத்தோடு சென்றவரும் உண்டு. போர்க்கைதிகளிடையே படை மருத்துவர் இருந்தனர். கொதிக்காத நீரைத் தொடாதே என்று தடுக்க அதிகாரிகள் இருந்தனர். நம்மவர்க்கு அத்தகையோர் அரிது. 1943-இன் மழைக்காலத்தில் காலரா வந்தபோது தமிழரின் முகாம்கள் சுடுகாடுகளாயின. வெள்ளையருடைய மரணத்தைவிட நம்மவர் மரணம் பன்மடங்காயிருந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பேன். 1957-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் அந்தப் பாலத்தை உலகறியச் செய்தது. நம்மவர் துயருக்கு அதில் இடமில்லை.

1945 ஆகஸ்டு 9-இல் நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்தது. மரியன்னையின் விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக, உராகாமிப் பேராலயத்தில் இரு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த வேளை அது. அங்கிருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. உராகாமிக் கத்தோலிக்கர் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் மடிந்தனர். விண்ணேற்பு விழாவன்றே ஜப்பானியப் பேரரசர் சரணடைவை அறிவித்தார்.

சயாமின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் படைவீரரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல். தமிழர்க்குப் பெயர்ப் பட்டியலே எழுதப்படவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அவர்கள் நினைவாக அந்நகரில் ஒரு நடுகல் எழுந்துள்ளது.

நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். மலேயாவுக்குப் போய், 1942-க்குப் பின் கடிதம் வராமற்போன முன்னோர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தனரா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டறியுங்கள். பெயர் கிடைத்தால் திருப்பலிக் கருத்துக்காக உங்கள் பங்குக் குருவிடம் எழுதிக் கொடுங்கள். பெயர் மறந்துபோயிருந்தால், 'சயாமில் இறந்த எங்கள் பாட்டனார்' என்று எழுதித் தந்தாலும் போதும்.