ஒரே கல்லூரி, மூன்று நாற்காலிகள்

1995ஆம் ஆண்டு பிரான்ஸ் அதிபர் தேர்தல். முதல் சுற்றில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் லியோனல் ஜோஸ்பன், ழாக் சிராக், எதுவார் பலதூர். ஜோஸ்பன் சோஷலிஸ்ட், மற்ற இருவர் வலதுசாரிகள். கொள்கையில் மோதிக்கொண்ட மூவரும் படித்தது ஒரே கல்லூரியில். ‘எனா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசிய நிர்வாகக் கல்லூரி அது.

ஆண்டுக்குச் சுமார் நூறு பேரையே சேர்த்துக்கொண்ட இக்கல்லூரி, பிரான்ஸுக்கு நான்கு அதிபர்களைக் கொடுத்தது: ஜிஸ்கார் தெஸ்தேன், சிராக், ஒலாந்த், மக்ரோன். பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், ரயில்வே ஆகியவற்றின் தலைமையிலும் இதன் பழைய மாணவர்கள் அமர்ந்தார்கள். அமைச்சகம், வங்கி, அரசியல் என மூன்று நாற்காலிகளையும் ஒரே வட்டம் எப்படிப் பிடித்தது?

பரம்பரையை உடைக்க வந்த தேர்வு

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபரில், ஜெனரல் தெகோலின் தற்காலிக அரசு இக்கல்லூரியைத் தொடங்கியது. அதுவரை உயர் துறைகள் தத்தமக்கான அதிகாரிகளைத் தாங்களே தேர்வு வைத்து எடுத்துவந்தன. பாரிஸின் தனியார் கல்லூரி ஒன்றில் பணம் கட்டிப் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் தேறினர். இதற்கு மாற்றாக தெகோலின் அரசில் பணியாற்றிய மிஷேல் தெப்ரே திட்டம் வகுத்தார். எல்லாத் துறைகளுக்கும் ஒரே பொதுத்தேர்வு, ஏற்கெனவே பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்குத் தனி வழி, படிக்கும் காலத்திலேயே சம்பளம்.

சிபாரிசு ஒழிந்தது, சாதகம் ஒழியவில்லை. பேர்போன வாய்மொழித் தேர்வையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் குழுவின் முன் 45 நிமிடங்கள் உட்கார வேண்டியிருந்தது. பொதுமக்களும் வந்து பார்க்க முடிந்தது. ஓவியம் முதல் உலக அரசியல் வரை எதையும் கேட்டார்கள். பதில் தெரியாவிட்டாலும் பதறாமல், நயமாகப் பேசிச் சமாளிக்க வேண்டியிருந்தது. இந்தப் பேச்சு வீட்டிலேயே படிந்தவருக்கும் புத்தகத்தில் படித்து வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிட்டது. பிறப்பால் வந்த அனுகூலம் மதிப்பெண்ணாக மாறி, தகுதி என்ற பெயரில் திரும்பி வருவதை சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1989இல் வெளிவந்த நூலில் விரிவாக அலசினார்.

தோற்றாலும் நஷ்டமில்லை

நுழைவைவிட முக்கியமாக இருந்தது வெளியேறும்போது கிடைத்த தரவரிசை. முதல் பதினைந்து பேர் வரை நிதி ஆய்வுத் துறை, அரசு மன்றம், தணிக்கை நீதிமன்றம் ஆகிய உயர் துறைகளுக்குப் போனார்கள். இருபதுகளில் எடுத்த மதிப்பெண் வாழ்நாள் முழுதும் கைகொடுத்தது. நீண்ட விடுப்பில் தனியார் வங்கிக்குப் போக முடிந்தது; தேர்தலில் நிற்க முடிந்தது; சரிவராவிட்டால் பழைய துறைக்கே திரும்ப முடிந்தது. இம்மானுவேல் மக்ரோன் 2004இல் நிதி ஆய்வாளர், 2008இல் ரோத்ஸ்சைல்டு வங்கியாளர், 2012இல் அதிபர் மாளிகை அதிகாரி, 2014இல் பொருளாதார அமைச்சர், 2017இல் அதிபர்.

இந்த ஏற்பாட்டின் விலையை கிரெடி லியோனே வங்கி காட்டியது. நிதி அமைச்சகத்தின் கருவூலத் துறைக்குத் தலைவராக இருந்த ழான்-ஈவ் அபெரே, 1988இல் இந்த அரசு வங்கியின் தலைவரானார். கடன்கள் வாரி வழங்கப்பட்டன. ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோவை வாங்கத் தந்த கடன்கூட வாராக்கடனாகி, ஸ்டுடியோவே வங்கியின் தலையில் விழுந்தது. வங்கியைக் கண்காணிக்க வேண்டியது அபெரே முன்பு தலைமை வகித்த அதே கருவூலத் துறை. அப்போது அதன் தலைவராக இருந்த ழான்-க்ளோத் த்ரிஷேயும் எனாவில் படித்த நிதி ஆய்வாளர்தான். வங்கியை மீட்க 1,000 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட மதிப்பில் பொதுப் பணம் கரைந்தது. இந்த விவகாரம் தொடர்பாக நடந்த வழக்கில் த்ரிஷே 2003இல் விடுவிக்கப்பட்டார். இங்கே சதி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே படிக்கட்டில் ஏறி வந்தவர்கள் ஒருவரையொருவர் கறாராகக் கேள்வி கேட்பது அரிது, அதுவே போதும்.

பெயர் மாறியது, பிறகு?

2018 நவம்பரில் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. அரசு சொத்து வரியைச் செல்வந்தர்களுக்குத் தளர்த்திய அதே ஆண்டில், காரில்லாமல் வேலைக்குப் போக முடியாத சிற்றூர்க்காரர்கள் தலையில் எரிபொருள் வரி ஏறிக்கொண்டிருந்தது. ‘எங்கள் வாழ்க்கை தெரியாதவர்கள் எங்களை ஆள்கிறார்கள்’ என்ற கோபத்தின் குறியாக எனா ஆனது. அதை மூடப்போவதாக 2019இல் மக்ரோனே அறிவித்தார். 2022 ஜனவரி 1 முதல் தேசிய பொதுச்சேவைக் கல்லூரி என்ற புதிய அமைப்பு அதன் இடத்துக்கு வந்தது. படித்து முடித்ததும் நேரே உயர் துறைகளில் போய் அமரும் வழக்கத்துக்கு முட்டுக்கட்டை போடுவதும், முதலில் களப்பணி பார்க்க வைப்பதும் சீர்திருத்தத்தின் நோக்கம்.

நுழைவுத் தேர்வு நியாயமானதா என்ற விவாதம் எல்லா நாடுகளிலும் நடக்கிறது. பிரான்ஸின் அனுபவம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது: ஒருமுறை ஜெயித்தவர், பிறகு தவறு செய்தால் எதை இழக்கிறார்? ஒன்றுமில்லை என்பது பதிலானால், எவ்வளவு நேர்மையான தேர்வும் புதிய பரம்பரையைத்தான் உருவாக்கும்.