சம்பங்கி செத்துவிட்டதா? கிழங்கை வீசி எறியாதீர்கள்!

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி ரோட்டில் போனால் தோவாளை வரும். பூவுக்குப் பேர் போன ஊர். விடியும் முன்பே இங்கே சந்தை கூடிவிடும். பிச்சி, மல்லிகை, அரளி, கேந்தி, சம்பங்கி என்று மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும். கேரளத்துக்கும் இங்கிருந்து பூ போகிறது. ஓணம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! தோவாளைக்காரர்கள் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை பூக்களில் இன்று சம்பங்கியை மட்டும் எடுத்துக் கொள்வோம். அதற்குக் காரணம் உண்டு. மல்லிகைச் செடி கண் எதிரே நிற்கிறது. வாடினால் தெரியும், தளிர்த்தாலும் தெரியும். சம்பங்கி அப்படி அல்ல. அதன் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. அதனால் பலர் ஏமாந்து போகிறார்கள்.

மாமியாரும் மருமகளும்

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். மருமகள் ஆசையாக நாலு கிழங்கு வாங்கி வந்து சட்டியில் நடுகிறாள். மூன்று, நான்கு மாதத்தில் தண்டு நீளுகிறது. ஒரு தண்டில் முப்பது, நாற்பது மொட்டு. அடியில் இருந்து மேலாக ஒவ்வொன்றாக மலர்கிறது. சாயங்காலம் விரிந்த பூ இரவெல்லாம் மணக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு தண்டு காய்கிறது. அடுத்த மாதம் பூ இல்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை.

"அத்தே, சம்பங்கி செத்துப் போச்சு. சட்டியில வேற ஏதாவது வைக்கட்டா?"

"வை மக்களே. சும்மா எதுக்கு எடத்த அடச்சுக்கிட்டு!"

கிழங்கு குப்பைக்குப் போகிறது.

ஆனால் அது செத்ததா? இல்லை!

நம் ஊரில் வாழை தெரியாதவர் உண்டா? குலை தள்ளிய வாழை மறுபடியும் குலை தள்ளாது. வெட்டி விடுகிறோம். பக்கத்தில் கன்று நிற்கிறது. அதையும் சேர்த்தா பிடுங்கி எறிகிறோம்? சம்பங்கியும் அந்த ஜாதிதான். ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் பூக்கும். ஆனால் பூக்கும் முன்பே தன்னைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளைப் போட்டுவிடும். அடுத்த பூ அந்தக் குட்டிகளிடம் இருக்கிறது. மருமகள் குப்பையில் கொட்டியது அந்தக் குட்டிகளையும் சேர்த்துத்தான்.

சம்பங்கியின் தாய்நாடு மெக்சிகோ. அந்த நாட்டின் பழங்குடி மக்கள் அதன் வெள்ளை நிறத்தைப் பார்த்து 'எலும்புப் பூ' என்று பெயர் வைத்தார்கள். வேலி ஓரத்தில் முள்ளும் மடலுமாக நிற்கிறதே ஆனைக் கற்றாழை, அதுவும் மெக்சிகோவில் இருந்து வந்ததுதான். இரண்டும் ஒரே பேரினம் என்று இன்றைய தாவர விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். ஆனைக் கற்றாழையும் ஆயுளில் ஒரு தடவைதான் பூக்கும். முள்ளுக்கும் மணத்துக்கும் என்ன உறவு பாருங்கள்!

சட்டியில் என்ன நடக்கிறது?

அப்படியானால் கிழங்கை எறியாமல் சட்டியிலேயே விட்டு வைத்தால் போதுமா? போதாது.

குட்டிக் கிழங்கு உடனே பூக்காது. அது பருக்க வேண்டும். சிறு நெல்லிக்காய் அளவாவது வந்தால்தான் தண்டு விடும். சட்டியில் இடம் ஏது? பத்துப் பதினைந்து குட்டிகள் ஒன்றை ஒன்று நெருக்கிக் கொண்டு கிடக்கும். இலை மட்டும் புல்லைப் போல அடர்ந்து நிற்கும். பூ வராது.

வெளிநாட்டிலும் இந்தச் சட்டி வழக்கு உண்டு. இங்கிலாந்தில் 'பனித்துளி' என்று ஒரு சின்னஞ்சிறு வெள்ளைப் பூ. அதுவும் கிழங்கில் இருந்து வருவதுதான். ஜனவரி, பிப்ரவரி மாதத்தில் பனிக்கு நடுவே தலை காட்டும். அதன் மேல் அந்த நாட்டார் சிலருக்கு உள்ள பைத்தியம் கொஞ்சம் அல்ல. 2022-ல் ஓர் அபூர்வக் கிழங்கு 1,850 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கும் மேல்! விலை உயர்ந்த கிழங்கைக் கண் பார்வையில் சட்டியில் வளர்க்கிறார்கள். ஆனால் சட்டி மண் கோடையில் காய்கிறது, கடுங்குளிரில் உறைகிறது. ஆகவே பெருக வேண்டிய கிழங்குகளை மரத்தடி மண்ணில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அவை தாமாகவே பெருகிக் கம்பளம் விரித்தது போலப் பூக்கின்றன. குளிர் இல்லாமல் அந்தப் பூ வராது. ஆகவே நாஞ்சில் நாட்டுக்கு அது ஆகாது. நமக்குச் சம்பங்கி இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை.

தரைக்கும் ஒரு கஷ்டம்

தரைதான் நல்லது என்று உடனே மண்வெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். நம் மாவட்டத்தின் மழையை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு ஒரு மழைக் காலம். நமக்கு இரண்டு. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. சம்பங்கிக்கு ஈரம் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் பிடிக்காது. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகத் தொடங்கும். 2021 நவம்பரில் மாவட்டத்தில் வெள்ளம் சூழ்ந்ததே, அந்த மாதிரி வருஷத்தில் பள்ளத்தில் நட்ட கிழங்கு தப்புவது கஷ்டம்.

நெல் விளைகிற களிமண் பக்கம் வீடு இருந்தால் மண்ணைக் குவித்து ஒரு முழம் மேடாகப் பார் பிடியுங்கள். அதன் மேல் நடுங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் மேட்டில் இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் தானே வடிந்து போகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, சட்டியில் நிற்கும் சம்பங்கித் தண்டையும் சாய்த்துவிடும். சட்டி மண்ணையும் அரை நாளில் காய வைத்துவிடும். மாடியில் சட்டி வைப்பவர்கள் சுவர் மறைவில் வைத்து, தண்டுக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். வெயிலை மட்டும் மறைக்காதீர்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படாத சம்பங்கி பூக்காது.

தரையில் இன்னொரு எதிரியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நூல் புழு. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கும். செடி காரணம் இல்லாமல் மஞ்சளாகும். நடும் முன் மண்ணில் வேப்பம் பிண்ணாக்கு கலந்து விடுங்கள். இடையிடையே கேந்தி நடுங்கள். கேந்தியின் வேர் அந்தப் புழுவை அடக்கும். பூவும் கிடைக்கும்.

முற்றம் இல்லாதவர்களுக்கு

முற்றமே இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வது? அவர்களும் வளர்க்கலாம். ஆனால் வாய் அகலம் ஓர் அடியாவது இருக்கும் மண் சட்டி வேண்டும். அடியில் துளை கட்டாயம். செம்மண், மணல், மட்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். இரண்டு அல்லது மூன்று கிழங்கு போதும். ஆசைப்பட்டு ஆறு, ஏழு வைக்காதீர்கள். அடை மழை நாட்களில் சட்டியைத் தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம். சட்டிக்கு உள்ள பெரிய சௌகரியம் இதுதான். இதைத் தரையால் தர முடியாது.

இரண்டு சட்டி வைத்திருப்பவர்கள் ஒரு யுக்தி செய்யலாம். ஒன்றில் பூக்கும் அளவுள்ள கிழங்குகளை நடுங்கள். மற்றதில் குட்டிகளைப் பிரித்து, விரல் அளவு இடம் விட்டு நட்டுப் பருக்க வையுங்கள். அடுத்த வருஷம் சட்டிகள் வேலையை மாற்றிக் கொள்ளும்.

மாலை கட்டப் பூ வேண்டுமானால் ஒற்றை அடுக்குச் சம்பங்கியைக் கேட்டு வாங்குங்கள். மணம் அதில்தான் அதிகம். அடுக்குச் சம்பங்கி பார்க்க அழகு. ஜாடியில் வைக்க நல்லது.

தரையில் நடுகிறவர்கள் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். பச்சை இலையை வெட்டாதீர்கள். குட்டிக் கிழங்குக்குச் சாப்பாடு அந்த இலையில் இருந்துதான் போகிறது. ஒரு தடவை நட்டால் மூன்று வருஷம் பூ எடுக்கலாம். அதற்குப் பிறகு நெருக்கம் வந்துவிடும். கோடையில் இலை பழுக்கும்போது தோண்டி எடுத்து, மண்ணை உதறி, நிழலில் பரப்பி, ஒரு மாதம் ஆற விடுங்கள். பெரிதைப் பூவுக்கும் சிறிதை நாற்றுக்கும் பிரித்து, ஆனி பிறந்ததும் மறுபடி நடுங்கள்.