வயசானவங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா? யார் பணம் தருவது?



போன மாதக் கூட்டத்தில் கடன், சேமிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்: “மாமியா படுத்த படுக்கையா ஆயிட்டாங்க. பெத்த புள்ளைங்க மூணு பேரு இருக்காங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எனக்குக் காட்டு வேலைக்கும் போக முடியல, கூட்டத்துக்கும் வர முடியல.” கேட்டுக்கொண்டிருந்த பலருடைய கண்ணும் கலங்கிவிட்டது. ஏனென்றால் இது அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. திண்ணனூர் நாட்டில் பிள்ளைகள் பிழைப்புக்காகத் திருப்பூர், கேரளா என்று மலை இறங்கிப் போன வீடுகளில் இதுதான் நடக்கிறது. பெரியவர்களை யார் பார்ப்பது, செலவை யார் ஏற்பது என்ற சண்டையில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுபோகிறது.

இதைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கூலி கொடுத்து ஆள் வைப்பது. இன்னொன்று, நடுவர் வைத்துப் பேசி முடிப்பது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் இலவசமாகக் கிடைப்பதைக் கேளுங்கள்

காசு செலவு செய்யும் முன் அரசாங்கத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி தணிப்பு கவனிப்பு ஆகியவை இதில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செம்மேடு அரசு மருத்துவமனையிலோ பெயரைப் பதிந்து கேளுங்கள். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதி இருந்தும் வாங்காதவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

ஆள் வைப்பதானால்

நாமக்கல், சேலம் போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் இருக்கின்றன. வெளிநாடுகளிலும் பெரிய நகரங்களிலும் மருத்துவரிடம் பேசுவது, ஆள் ஏற்பாடு செய்வது, பிள்ளைகளுக்குள் சண்டை வராமல் பார்ப்பது என்று எல்லாவற்றையும் கட்டணத்துக்குச் செய்து தருபவர்களும் உண்டு. நமக்கு அந்த அளவு தேவைப்படாது. ஆனால் ஆள் வைக்கும் முன் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள்:

1. வருபவர் படித்த செவிலியரா, உதவியாளரா? குளிப்பாட்ட, சோறு ஊட்ட, திருப்பிப் படுக்க வைக்க உதவியாளர் போதும். ஊசி போட, சிறுநீர்க் குழாய் மாற்ற செவிலியர்தான் வேண்டும். உதவியாளரை அனுப்பிவிட்டுச் செவிலியர் சம்பளம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

2. படுக்கைப் புண் வராமல் பார்க்கத் தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தெரியாதவர் வேண்டாம்.

3. மாதச் சம்பளம் எவ்வளவு, ஏஜென்சி கமிஷன் எவ்வளவு? வந்துபோகும் செலவும் சாப்பாடும் யாருடையது? ஆள் பாதியில் நின்றுவிட்டால் வேறு ஆள் எத்தனை நாளில் வருவார்?

4. பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுக்காதீர்கள். கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். ஆதார் நகலும், முன்பு வேலை பார்த்த வீட்டின் போன் எண்ணும் வாங்கி, அங்கே பேசிப் பாருங்கள்.

5. பெரியவரின் ஏ.டி.எம். அட்டை, பாஸ் புத்தகம், பட்டா எதையும் வேலைக்கு வருபவர் கையில் கொடுக்கக் கூடாது.

உள்ளூரிலேயே ஒரு பெண்ணைப் பகலில் சில மணி நேரம் வைத்துக்கொள்வது பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகும். அவரும் நம்மைப் போன்ற பெண்தான். வேலை நேரம், விடுப்பு, சம்பளத் தேதி மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

செலவைப் பங்கு போடுவது

குடும்பம் உட்கார்ந்து பேசும்போது பணத்தை மட்டும் கணக்குப் போடுகிறோம். கூடவே இருந்து மலம், சிறுநீர் எடுப்பவரின் உழைப்பு கணக்கில் வருவதே இல்லை. ஒரு பேச்சுக்கு, மருந்துக்கும் ஆளுக்கும் மாதம் 6,000 ரூபாய் ஆகிறது, பிள்ளைகள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2,000 என்று பிரித்தால் கூட இருந்து பார்க்கும் வீடு பணமும் தருகிறது, உழைப்பும் தருகிறது, கூலியும் இழக்கிறது. மற்ற இருவரும் 3,000 வீதம் தர, மூன்றாவது வீடு கவனித்துக்கொள்வது என்பதே நியாயம். மாதத்தில் சில நாளாவது மற்றவர்கள் வந்து மாற்றிவிட வேண்டும். பேசியதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெரியவருக்கு என்ன விருப்பம் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

பேசி முடியவில்லையா?

ஊர்க் கவுண்டரோ பெரியவர்களோ பேசித் தீர்த்தால் நல்லது. அங்கே தீராவிட்டால் சட்டம் இருக்கிறது. ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம்’ 2007இல் வந்தது. தமிழக விதிகள் 2009இல் வந்தன. மகன் மட்டும் இல்லை, மகள், வயது வந்த பேரன் பேத்திக்கும் பொறுப்பு உண்டு. தங்கச்சிகளே, ஒன்றைக் கவனியுங்கள்: இந்த 2007 சட்டம் பிள்ளைகள் என்று சொல்லும் பட்டியலில் மருமகள் இல்லை. வீட்டில் எல்லா வேலையும் மருமகள் தலையில் விழுகிறது, ஆனால் சட்டம் பொறுப்பைப் பெற்ற பிள்ளைகளிடம்தான் வைத்திருக்கிறது. இதை வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

மனு கொடுக்க வேண்டியது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில். நமக்கு அது நாமக்கல். பெரியவரால் முடியாவிட்டால் அவர் சம்மதித்த வேறு ஆளோ அமைப்போ கொடுக்கலாம். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். அவர் ஒரு மாதத்துக்குள் பேசிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். இவருக்கு நாம் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. “நான் ஆபீசுல பேசி முடிச்சுத் தர்றேன், இவ்வளவு கொடு” என்று இடையில் யாராவது வந்தால் நம்பாதீர்கள். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச் சொல்லலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு.

வழக்கறிஞர் உதவி வேண்டுமானால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். அதன் எண் 15100. முதியோர் உதவி எண் 14567. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எழுதிக் கொடுக்கும் முன் நில்லுங்கள்

“பாத்துக்கறோம்” என்ற வாய்வார்த்தையை நம்பி நிலத்தைத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 23ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்து திரும்பக் கிடைக்கச் செய்தது. வழக்கு, வாய்தா என்று அலையாமல் இருக்க வேண்டுமானால், “சோறும் மருந்தும் கொடுத்துக் கடைசி வரை பார்க்க வேண்டும்” என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் போடும் முன், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் இரண்டு பேர் போய்ப் பாருங்கள். ஒருவர் பெரியவர் பக்கத்தில் இருந்தால், அந்த அக்கா ஒரு மணி நேரம் கூட்டத்துக்கு வந்துபோகலாம். மனு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இன்றைக்கு அவருக்கு நாம் துணை நின்றால், நாளைக்கு நமக்கு வயசாகும்போது நம்மைக் கேட்கவும் நாலு பேர் இருப்பார்கள்.